அறளை என்று முடிவுகட்டுமுன் அளந்து பாருங்கள்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று எமது முன்னோர் சொல்லி வைத்தனர். கமக்காரருக்கு இதை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. காலபோகத்துக்கு விதைநெல் எடுக்கும்போது நூறு மணிகளை எண்ணி ஈரச்சாக்கில் வைத்து, எத்தனை முளைத்தன என்று பார்த்த பின்னரே விதைப்புக்கு இறங்குகிறோம். சிறுபோகம் வந்தால் இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, கூட்டம் கூடி, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று தீர்மானிக்கிறோம். அளவு பார்க்காமல் விதைத்தால் கதிர் வரும் நேரத்தில் பயிர் கருகும் என்பது எமக்குத் தெரியும்.

ஆனால், வீட்டிலுள்ள ஒரு முதியவரைப் பற்றிய முடிவு பல குடும்பங்களில் ஒரே மாலைப்பொழுதில் எடுக்கப்பட்டுவிடுகிறது. "அப்புவுக்கு அறளை பெயர்ந்திட்டுது, இனி ஒண்டும் சரிவராது" என்ற ஒரு சொல்லோடு அவருடைய மண்வெட்டி வாங்கி வைக்கப்படுகிறது. பேங் புத்தகம் கைமாறுகிறது. காணி எழுதுவதற்கு நாள் பார்க்கப்படுகிறது. மாதத்துக்கு ஒரு பிள்ளையின் வீடு என்று முறை வைக்கப்படுகிறது. அல்லது எந்த இல்லத்தில் சேர்ப்பது என்ற பேச்சு எழுகிறது. இவை ஒவ்வொன்றும் பெரிய முடிவுகள். சிலவற்றை எடுத்த பின் மாற்றுவது மிகக் கடினம். எனவே அவற்றுக்கு முன்னர் எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

அறளை என்பது என்ன?

நாம் அறளை பெயர்தல் என்று சொல்வதை வைத்தியர்கள் டிமென்சியா என்று அழைக்கின்றனர். தமிழில் மறதிநோய் என்று சொல்லலாம். இது முதுமையின் இயல்பன்று. மூளையைத் தாக்கும் நோய்களின் விளைவு. முதுமையில் ஒருவர் மூக்குக்கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது இயல்பு. கண்ணாடி எதற்கு என்பதையே மறப்பது நோய். நினைவு மாத்திரமன்றி, கணக்குப் பார்த்தல், வழி அறிதல், சொல் தேடுதல், நல்லது கெட்டது தீர்மானித்தல் ஆகிய ஆற்றல்களும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சிறிது சிறிதாகத் தேய்கின்றன.

இந்நோய்களுள் மிகப் பொதுவானது அல்சைமர் நோய். மறதிநோய் உள்ள நூறு பேரில் 60 முதல் 70 பேர் வரை இதற்கு ஆளானவர்கள் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 1901ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்பேட் நகரில் அலோய்ஸ் அல்சைமர் என்ற வைத்தியர் 51 வயதான ஒரு பெண்ணைப் பரிசோதித்தார். கேட்ட கேள்விகளையும் அப்பெண் சொன்ன விடைகளையும் சொன்னபடியே எழுதி வைத்தார். 1906இல் அவர் இறந்த பின்னர் மூளையை ஆராய்ந்து, அவ்வாண்டே தமது முடிவை வெளியிட்டார். நோய்க்குப் பெயர் தந்தவரே ஐந்து ஆண்டுகள் பொறுத்திருந்துதான் பேசினார் என்பதைக் கவனியுங்கள்.

2021ஆம் ஆண்டில் உலகில் 5 கோடி 70 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்ந்தனர். இவர்களில் 60 வீதத்துக்கும் மேற்பட்டோர் எம்மைப் போன்ற வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் உள்ளவர்கள். எமது நாட்டில் ராகமைப் பகுதியில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, 65 வயதுக்கு மேற்பட்ட நூறு பேரில் ஏறக்குறைய நால்வருக்கு இந்நோய் இருந்ததாகக் காட்டியது. அதாவது, அந்த வயதை எட்டியோரில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்நோய் இல்லை. ஆகவே "வயது போனால் அறளை பெயரும்தானே" என்பது சரியான கணிப்பன்று.

எமது மண்ணில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்

2008இலும் 2009இலும் மன்னார்க் கரையிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஊர் ஊராக இடம்பெயர்ந்து, பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து, 2012 செப்ரெம்பரில் அது மூடப்படும் வரையான காலத்துக்குள் படிப்படியாக வெளியேறிய மக்கள் நாம். சிலர் சொந்தக் காணிக்குத் திரும்பினர். சிலர் வேறு இடங்களில் குடியேற்றப்பட்டனர். அன்று 55 வயதில் பேரப்பிள்ளையைத் தோளில் சுமந்து நடந்தவருக்கு இன்று 70 கடந்துவிட்டது. மறதிநோய் வரக்கூடிய வயதும் இதுவே.

ஆனால் இவர்களிடம் மறதிபோலத் தோன்றும் வேறு பலவும் உண்டு. எறிகணை வெடித்த ஓசையில் செவிப்புலன் குறைந்தவர் கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாத மறுமொழி சொல்வார். அவருக்குக் கேள்வி விளங்காமல் போகவில்லை, கேட்கவில்லை. தலையில் காயம் பட்டவருக்குக் கவனம் சிதறலாம். பயங்கரத்தைக் கண்டவர் ஒரு சத்தத்தில் திடுக்கிட்டு, பதுங்குகுழி தேடுவதுபோல் ஓடலாம். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் எமது மக்களின் இத்தகைய உளக்காயங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியுள்ளார். இவையெல்லாம் வேறு, மறதிநோய் வேறு. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கவும் கூடும்.

காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக ஒரு தாய் நாள்தோறும் படலையைப் பார்த்திருக்கிறார் என்றால் அதை அறளை என்று சொல்லிவிட முடியாது. 2017ஆம் ஆண்டு முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரின் நினைவு எவரையும் விடக் கூர்மையானது. மகன் காணாமற் போனதையே மறந்து, "தம்பி பள்ளிக்கூடத்தாலை வந்திட்டானோ" என்று கேட்டால் அங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டும். முன்னையது துயரம். பின்னையது நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

குணப்படுத்தக்கூடிய மறதிகள்

மறதிநோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் அதைப்போலத் தோற்றம் தரும் பல நிலைகளுக்கு மருந்து உண்டு. அவசரப்பட்டு அறளை என்று ஒதுக்கப்படும் முதியவர், குணமடையும் வாய்ப்பை இழக்கிறார். அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

1. திடீர்க் குழப்பம். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று பிள்ளைகளை மாறி மாறி அழைக்கிறார், இரவில் உறங்காமல் எதையோ காண்கிறார் என்றால் பெரும்பாலும் அது உடலில் ஏற்பட்ட வேறொரு நோயின் அடையாளம். சிறுநீர்த் தொற்று, நியூமோனியா, நீரிழப்பு, பாரிசவாதம் என்பன இதற்குக் காரணமாகலாம். இது அவசர நிலை. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

2. நீரிழிவு மருந்து. குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வயலுக்குப் போனவருக்குச் சீனியின் அளவு விழுந்து, பேச்சும் புத்தியும் தடுமாறும்.

3. சிறுநீரகப் பாதிப்பு. வவுனியா உட்பட உலர்வலயத்தின் சில பகுதிகளில் இந்நோய் கமக்காரரிடையே பரவலாக உள்ளது. சிறுநீரகம் கழிவை அகற்றத் தவறும்போது மயக்கமும் குழப்பமும் ஏற்படும்.

4. குளிசைகள். தடிமனுக்கும் கடிக்கும் நாம் எளிதாக வாங்கிப் போடும் குளோர்பெனிரமீன், நித்திரைக்கென்று கொடுக்கப்படும் டயசிபாம் போன்றவை முதியவர்களிடம் குழப்பத்தை உண்டாக்கலாம். மருந்தை மாற்றினால் தெளிவு திரும்பக்கூடும்.

5. தைரோயிட் சுரப்புக் குறைவும் பி12 விற்றமின் குறைவும். இரண்டையும் இரத்தப் பரிசோதனையால் அறியலாம்.

6. விழுந்து தலை அடிபடுதல். அடிபட்ட அன்று ஒன்றும் தெரியாது. சில வாரங்களுக்குப் பின் மண்டையோட்டினுள் இரத்தம் தேங்கி மறதியும் தள்ளாட்டமும் வரலாம். சத்திரசிகிச்சையால் மாற்ற முடியும்.

7. மனச்சோர்வு. துணையை இழந்தவர், காணி இல்லாமல் இருப்பவர், செய்ய வேலையின்றிக் குந்தியிருப்பவர் ஆகியோரிடம் இது அதிகம். இத்தகையவர் "எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை" என்று தாமே முறைப்படுவார். மறதிநோய் உள்ளவரோ பெரும்பாலும் தம் மறதியை மறைப்பார், அல்லது அறியமாட்டார்.

8. கேள்வி, பார்வைக் குறைபாடு. காதில் அடைத்த குடுமியை எடுத்ததும், கண்ணில் வெண்புரையை நீக்கியதும் புதிய மனிதராக மாறிய முதியவர்கள் உண்டு.

இரண்டு வாரக் கொப்பி

வைத்தியரிடம் போகுமுன் குடும்பம் செய்யக்கூடிய மதிப்பீடு ஒன்றுண்டு. ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எழுதுங்கள். மாற்றம் எப்போது தொடங்கியது? ஒரே நாளிலா, சில வாரங்களிலா, வருடக்கணக்கிலா? எந்த நேரத்தில் அதிகம்? காலையில் தெளிவாக இருந்து பொழுதுபட்டதும் குழம்புகிறாரா? எதை மறக்கிறார்? எதை மறக்கவில்லை? உணவு, நித்திரை, மலசலம் எப்படி? என்னென்ன குளிசை போடுகிறார்? எழுதும்போது உங்கள் தீர்ப்பை எழுதாதீர்கள், கண்டதை எழுதுங்கள். "புத்தி பேதலித்துவிட்டது" என்று எழுதுவதிற் பயனில்லை. "மாலை ஆறு மணிக்கு அடுப்பை மூட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார், அடுப்பை மறந்துவிட்டார்" என்று எழுதினால் வைத்தியருக்கு அது உதவும்.

இக்கொப்பி எமது முதியோருக்கு விசேடமாகத் தேவை. காரணம், வைத்தியசாலையில் கேட்கப்படும் சில கேள்விகள் படித்தவர்களுக்கென அமைந்தவை. இன்று என்ன திகதி, நூறிலிருந்து ஏழை ஏழாகக் கழியுங்கள், ஒரு வசனம் எழுதுங்கள் என்றால், பள்ளிக்கூடம் போகாத ஆச்சி நல்ல நினைவுடன் இருந்தும் தவறுவார். இக்குறையை நீக்க 1998இல் இந்தியாவின் கொச்சியில் ஓர் ஆராய்ச்சிக் குழு உருவாகியது. அதன் பெயர் 10/66. மறதிநோயாளரில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 66 வீதத்தினர், வளர்முக நாடுகளில் வாழ, ஆராய்ச்சியில் பத்து வீதத்துக்கும் குறைவானதே அவர்களைப் பற்றி நடந்தது என்பதே இந்தப் பெயரின் பொருள். கல்வி குறைந்தவருக்கு அநீதி இழைக்காத பரிசோதனை முறையை இக்குழு 2003இல் வெளியிட்டது. முதியவரைக் கேட்பதுடன், அவரோடு வாழ்பவரிடம் விபரமாகக் கேட்பதும் அம்முறையின் ஒரு பகுதி. சென்னை நகரிலும் வேலூர்க் கிராமங்களிலும் இக்குழுவின் ஆய்வுகள் நடந்தன. அவை காட்டிய மற்றொரு பக்கமும் உண்டு. முதியவரிடம் எந்த வேலையையும் எதிர்பாராத குடும்பங்களில், அவர் ஆற்றல் குன்றுவது பலருடைய கண்ணிலும் படுவதில்லை. எனவே அவசரமாக அறளை என்பதும் தவறு. கண்டும் காணாமல் விடுவதும் தவறு.

கொப்பியையும் வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு கிட்டிய அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுக்கு அங்கிருந்து அனுப்புவார்கள். உளநலப் பிரிவு என்றால் பைத்தியத்துக்கு மருந்து கட்டும் இடம் என்ற பழைய அச்சத்தை விட்டுவிடுங்கள்.

வேலையை நிறுத்தும் முடிவு

வயலும் ஒரு வேலைத்தலமே. கமக்காரரின் கையிலிருந்து தொழிலை வாங்குவது அவருடைய பெயரையே வாங்குவது போன்றது. ஆகவே "வேலை செய்யலாமா, கூடாதா" என்று ஒரே கேள்வியாகக் கேட்காமல், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். நினைவு தளரும் ஒரு தகப்பன் என்று வைத்துக்கொள்வோம். கிருமிநாசினி கலப்பதில் அளவு பிழைத்தால் உயிராபத்து. அதை இன்றே நிறுத்த வேண்டும். லான்ட்மாஸ்ரர் ஓட்டுவது, தனியே இரவுக்காவலுக்குப் போவது, காடு வெட்டி எரிப்பது என்பனவும் அப்படியே. ஆனால் வரம்பு கட்டவும், களை பிடுங்கவும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும், கடகம் இழைக்கவும் கைகளுக்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. கைப்பழக்கம் நினைவை விட நெடுநாள் நிலைக்கும். ஆபத்தான துண்டை எடுத்துவிட்டு மற்றதை விடுங்கள். இரண்டு மூன்று மாதங்களின் பின் மீண்டும் பாருங்கள்.

கமக்காரர் அமைப்பிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பொறுப்பில் இருப்பவருக்கும் இதுவே பொருந்தும். பொருளாளர் இரண்டு முறை கணக்கைப் பிழைவிட்டார் என்றவுடன் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று அவரை அவமானப்படுத்தத் தேவையில்லை. கணக்கை இன்னொருவருடன் சேர்ந்து பார்க்கச் செய்யலாம். கண் பரிசோதிக்கச் சொல்லலாம். தொடர்ந்து தவறினால், மரியாதையுடன் ஆலோசகர் என்ற இடத்துக்கு மாற்றலாம்.

காணி எழுதும் முடிவு

எமது குடும்பங்களைப் பெரிதும் பிளப்பது இதுவே. ஒருவருக்கு மறதிநோய் உண்டென்று வைத்தியர் சொன்ன மாத்திரத்தில் அவர் எந்த முடிவையும் எடுக்க முடியாதவர் ஆகிவிடுவதில்லை. முடிவுக்கு முடிவு ஆற்றல் வேறுபடும். இன்று என்ன கறி என்று சொல்லக்கூடியவருக்கு, காணி எழுதுவதன் விளைவு விளங்காமல் இருக்கலாம். நான்கு விடயங்களைப் பாருங்கள்: செய்யப்போவது என்ன என்று விளங்குகிறதா? அதைச் சற்று நேரமாவது நினைவில் வைத்திருக்கிறாரா? எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்கிறாரா? தன் விருப்பத்தைத் தானே சொல்கிறாரா? அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் கேளுங்கள். ஒரு வாரத்தின் பின் மீண்டும் கேளுங்கள். விடை ஒன்றாகவே இருந்தால் நம்பலாம். அன்றைக்கு அருகில் இருக்கும் பிள்ளைக்கேற்ப விடை மாறினால் நிறுத்துங்கள்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, உறுதிக் காணியைக் கைமாற்றும் எழுத்து நொத்தாரிசின் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட வேண்டும். ஆனால் சாட்சி இருந்தால் மாத்திரம் போதாது. ஒப்பமிட்டவருக்குப் பொருள் விளங்கவில்லை என்று பின்னர் நிரூபிக்கப்பட்டால் நீதிமன்றம் அவ்வுறுதியைத் தள்ளிவிடலாம். முற்றாகக் கொடுப்பதற்குப் பதிலாக, முதியவரின் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதும் வழியும் உண்டு. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெற்ற அனுமதிப்பத்திரக் காணியாயின், பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரை நியமிக்கலாம். உயிரோடிருக்கும்போது அதை மாற்றவும் இடமுண்டு. மாற்றக்கூடிய வழி இருக்கும்போது மாற்ற முடியாத வழியை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டாம். ஆற்றல் முற்றாக இழந்தவரின் சொத்தைப் பராமரிக்க மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். பணம் இல்லாதோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவி செய்கிறது.

இடப்பெயர்வில் உறுதியும் அனுமதிப்பத்திரமும் தொலைத்த குடும்பங்களுக்கு மேலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் காணியின் எல்லையில் நின்ற பனை எது, கிணறு எப்பக்கம், அயற்காணிக்காரர் யார் என்பதை அறிந்தவர் அந்த முதியவரே. மறதிநோயில் அண்மைக்கால நினைவு முதலில் மறைகிறது. பழைய நினைவு பிந்தியே மறைகிறது. ஆகையால் அவர் சொல்லக்கூடிய இன்றைக்கே, ஆறுதலாக, அலுப்புக் கொடுக்காமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அயலவர் ஒருவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். அறளை என்று ஒதுக்கப்பட்டவரிடம் உங்கள் குடும்பத்தின் காணிப் பதிவே இருக்கக்கூடும்.

இடம் மாற்றும் முடிவு

மறதிநோயாளருக்குப் பழகிய இடம் ஊன்றுகோல். கிணற்றுக்கு எத்தனை அடி, சாமிப்படம் எந்தச் சுவரில் என்பதைக் கால்களும் கைகளும் அறியும். மாதத்துக்கு ஒரு வீடு என்று மாற்றினால் ஒவ்வொரு மாதமும் அவர் புதிதாக இடம்பெயர்கிறார். எமது முதியவர்கள் போதியளவு இடம்பெயர்ந்துவிட்டனர். பிள்ளைகள் முறை வைத்துப் பார்ப்பதானால், முதியவரை அசைக்காமல் பிள்ளைகளே மாறி மாறி வந்து நிற்பது நல்லது.

பொழுதுபட்டதும் "வீட்டை போவம்" என்று அவர் எழும்பினால், "இதுதானே வீடு" என்று வாதாட வேண்டாம். எந்த வீடு, அங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள். சிறிது தூரம் கூட நடந்து திரும்புங்கள். அவர் தேடுவது பெரும்பாலும் கூரையை அல்ல, பயமில்லாதிருந்த ஒரு காலத்தை. ஆனால் தனியே போக விடாதீர்கள். வெடிபொருள் அகற்றி முடியாத காணி அருகில் இருக்குமாயின் படலையைக் கவனியுங்கள். பெயரும் ஊரும் எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வையுங்கள். கட்டி வைப்பதும் அறையில் பூட்டுவதும் குழப்பத்தைக் கூட்டும்.

முதியோர் இல்லத்தில் சேர்ப்பது எப்போதும் பாவம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அந்த முடிவுக்கு முன்னர் முதியவரை மாத்திரமன்றி, பராமரிப்பவரையும் அளக்க வேண்டும். பெரும்பாலும் அது ஒரு மகள் அல்லது மருமகள். எமது பகுதியில் பலர் கணவரை இழந்து, கூலி வேலைக்கும் போய்வருபவர்கள். அவர் எத்தனை மணித்தியாலம் உறங்குகிறார்? வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு உண்டா? வெளிநாட்டில் இருக்கும் சகோதரர் பணம் அனுப்புவதுடன் தொலைபேசியில் முடிவும் சொல்கிறாரா? இரவில் விழித்திருப்பவரின் சொல்லுக்கே அதிக நிறை கொடுக்க வேண்டும். வாரத்தில் ஓர் அரை நாள் பங்குமக்களோ கிராம முதியோர் சங்கத்தாரோ வந்து முதியவருடன் இருந்தால், பல குடும்பங்களுக்கு இல்லம் என்ற பேச்சே எழாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பராமரிக்க இயலாத பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடலாகாது என விதித்துள்ளது. பிரதேச செயலகத்தில் முதியோருக்கான உத்தியோகத்தரைச் சந்தித்தால் கிடைக்கக்கூடிய உதவிகளை அறியலாம்.

முடிவாக

வள்ளுவர் ஆராய்ந்து செயலிறங்குவதற்கென்றே தெரிந்துசெயல்வகை என்ற ஓர் அதிகாரத்தை வகுத்தார். கோபுரம் கட்டப் புறப்படுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று இயேசு லூக்கா நற்செய்தியில் உவமை சொல்கிறார். சீராக்கின் ஞானநூல் மூன்றாம் அதிகாரம், தந்தையின் அறிவு குன்றும் நாளிலும் அவரைப் பொறுத்துக்கொள்ளுமாறும், நம்மிடம் வலிமை இருக்கிறதென்று அவரை இகழாதிருக்குமாறும் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறது. அறிவு குன்றுவதை அந்நூல் மறைக்கவுமில்லை; அதனால் அவர் தந்தையல்லாமற் போவதாகச் சொல்லவுமில்லை.

எனவே அன்பார்ந்த குடும்பங்களே, பெரிய முடிவு எதையும் ஒரே இரவில் எடுக்காதீர்கள். ஆபத்தை மாத்திரம் உடனே நீக்குங்கள். கொப்பியில் எழுதுங்கள். வைத்தியரிடம் காட்டுங்கள். திருப்பி எடுக்கக்கூடிய சிறிய முடிவை முதலில் எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரைப் பற்றிக் கூடிப் பேசும்போது அவரையும் பக்கத்தில் இருத்திப் பேசுங்கள். எமக்கு விளங்காத மொழியில், எம்மைக் கேட்காமல், எமது வாழ்வைப் பற்றிப் பிறர் முடிவெடுப்பது எவ்வளவு நோகும் என்பது இடம்பெயர்ந்த எமக்குத் தெரியாததா?